மற்றவை நார்மல்

ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்த பதினெட்டு வருஷமும் அவளுக்குப் பெயர் ‘நார்மலக்கா’தான். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கச் சற்று நேரம் ஆகும். பட்டப்பெயரை வைத்தவர் டாக்டர். சென்டருக்கு முதலாளியும் அவரே. முதலாளி சிரித்துக்கொண்டே வைத்த பெயருக்கு யாராவது முகம் சுளிக்க முடியுமா? அவளும் சிரித்து வைத்தாள்.

அவள் செய்தது ரிப்போர்ட் டைப் அடிக்கும் வேலை. அறை இருட்டாக இருக்கும், ஏசி எலும்பைத் தொடும். நடுவில் கட்டில், அதன்மேல் ரெக்சின் விரிப்பு, பக்கத்தில் மெஷின். டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து, ஜெல்லி தடவிய வயிற்றின்மேல் கருவியை உருட்டிக்கொண்டே திரையைப் பார்த்து முணுமுணுப்பார். சுவரோரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் இவள் அதைப் பிடித்து அடிக்க வேண்டும். நோயாளி கட்டிலைவிட்டு இறங்கி, வயிற்றைத் துடைத்து, செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் ரிப்போர்ட் பிரின்டரில் வந்து விழும். டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்.

இவ்வளவு வேகம் எப்படி என்று கேட்பீர்கள். டாக்டர் கெட்டுப்போனதை மட்டும்தான் சொல்வார். ‘பித்தப்பையில கல்லு, எட்டு மில்லிமீட்டர். மத்ததெல்லாம் நார்மல்’ என்பார், அவ்வளவுதான். இவள் ஒரு பட்டனைத் தட்டினால் ஈரலிலிருந்து சிறுநீர்ப்பைவரை எல்லா உறுப்பும் நார்மல் என்று ஒரு பக்கம் முழுக்கத் தயாராக வந்து நிற்கும். அதில் பித்தப்பை வரியை அழித்துவிட்டுக் கல்லை வைத்தால் வேலை முடிந்தது. நல்ல உறுப்புகளின் அளவுகளை டாக்டர் அளப்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அவளே போட்டுக்கொள்வாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவர் கற்றுக்கொடுத்த பாடம் அது. “எல்லாருக்கும் ஒரே நம்பர் போடாதம்மா. ஒருத்தருக்கு கிட்னி பத்து புள்ளி ரெண்டுன்னா அடுத்தவங்களுக்கு ஒம்போது புள்ளி எட்டு போடு. பார்க்க நல்லா இருக்கும்” என்றார். பார்க்க நல்லாத்தான் இருந்தது. பதினெட்டு வருஷத்தில் அவள் எத்தனை பேருக்குக் கிட்னியை வளர்த்தாள், எத்தனை பேருக்குச் சுருக்கினாள் என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஒரு பெண்மணி ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து வரவேற்பறையில் நின்று கத்தினாள். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ரிப்போர்ட்டில் ‘கர்ப்பப்பை நார்மல்’ என்று இருந்தது, நீள அகலத்தோடு. உள்ளே இருந்த யாரும் எழுந்து வரவில்லை. டாக்டர் மட்டும் வெளியே வந்து, அந்தப் பெண்மணியைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “எடுத்ததத் திருப்பி வச்சிட்டியேம்மா! நானெல்லாம் என்ன டாக்டரு, நீதான் டாக்டரு” என்றார். அன்றிலிருந்து அவள் நார்மலக்கா. அவர் சிரிக்கும்வரை வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, பட்டப்பெயரோடு தப்பித்தது பெரிய பாக்கியமாகத் தோன்றியது.

நார்மலுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் படித்தவர்கள் ‘இயல்பு’ என்பார்கள். சொல்லிப் பாருங்கள், வாயில் ஒட்டாது. ‘உங்க கிட்னி இயல்பா இருக்கு’ என்று ஒரு டாக்டர் சொன்னால் நோயாளி பயந்துபோய் இன்னொரு டாக்டரைத் தேடி ஓடுவான். நார்மல் என்றால் நார்மல்தான். கடையில் தண்ணீர் பாட்டில் கேட்டால் கூலிங்கா நார்மலா என்கிறார்கள். குடித்துவிட்டு வந்தவனைப் பற்றி, அவன் இப்ப நார்மலா இல்ல, காலையில பேசிக்கோ என்கிறோம். கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பவள் ரெண்டு நாள்ல நார்மல் ஆயிடுவாள். எப்படிப் போகுது என்று கேட்டால் நார்மலாப் போகுது என்று பதில் வரும். சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, கேட்டதற்கு நன்றி, வழியை விடு என்று அர்த்தம். ஊரெல்லாம் செல்லாக்காசு மாதிரிப் புழங்கும் இந்த வார்த்தைக்கு அந்த இருட்டறைக்குள் மட்டும் தங்க விலை. கட்டிலில் கிடப்பவர்கள் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார்கள். டாக்டர் வாயிலிருந்து அது விழுந்ததும் சிலர் மேற்கூரையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். ஒரு கிழவர் எழுந்து வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், என்னவோ இவள்தான் கொடுத்த மாதிரி. அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவளும் ஒரு நார்மல்தான். பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையும் இல்லை, கடைசி வரிசையும் இல்லை. பெண் கேட்டு வந்தவர்கள், ‘பொண்ணு நார்மலா இருக்கா, பிரச்சினை பண்ண மாட்டா’ என்று சொல்லிக் கட்டிக்கொண்டு போனார்கள். அது உண்மை என்று இருபத்திரண்டு வருஷமாக நிரூபித்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஓட்டுகிறவன் காலுக்கு முன்னால் தன் காலால் பிரேக் அடித்தே பழகியவர். வீட்டிலும் அதே பழக்கம். அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்க விடமாட்டார். ஒரே மகள். பதினேழு மணி நேரம் வலித்து, கிழிந்து, தையல் போட்டுப் பிறந்தவள். அதற்குப் பெயர் நார்மல் டெலிவரி. மாமியார் அதைப் போகிற வருகிறவர்களிடம் பெருமையாகச் சொன்னாள், “எங்க வீட்ல எல்லாருக்கும் நார்மல்தான்” என்று.

அந்த மகளுக்கு இப்போது இருபது வயது. கல்லூரி மூன்றாம் வருஷம். மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் விழுங்குவாள். அம்மாவுக்கு அவள்தான் உயிர். அப்பாவிடம் சொல்ல முடியாததை, சென்டரில் சிரித்து மழுப்பியதை, எல்லாவற்றையும் அவளிடம்தான் கொட்டுவாள். இருவரும் ஒரே போர்வைக்குள் கிடந்து பேசுவார்கள். “எங்கிட்ட மட்டும் நீ எதையும் மறைக்கக் கூடாதும்மா” என்று அந்தப் பெண் சின்ன வயசிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள்.

நாற்பத்தைந்தாவது வயதில் அவளுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. இரண்டு வாய் சாப்பிட்டால் கழுத்துவரை நிறைந்த மாதிரி இருந்தது. பாவாடையின் இடுப்புக் கொக்கியைப் பிரித்து இரண்டு தடவை நகர்த்தித் தைத்தாள். புருஷனிடம் சொன்னபோது, “வயசானா தொப்பை விழத்தான் செய்யும், நார்மல்” என்று பிரேக் அடித்தார். மகள் விடவில்லை.

“ஊருக்கெல்லாம் ரிப்போர்ட் அடிக்கிற. உனக்கு ஒண்ணு எடுத்துக்க மாட்டியா?”

“எடுக்கறேன், எடுக்கறேன்.”

“எடுக்கறேன்லாம் வேணாம். நாளைக்கு சாயந்திரம் என்ன வந்ததுன்னு சொல்ற.”

ஊழியர்களுக்கு அங்கே ஸ்கேன் இலவசம். இலவசம் என்றால் எப்படிக் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலையிலிருந்து சொல்லிச் சொல்லி, மதியம் ஒன்றரைக்கு, ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் இருந்த இடைவெளியில் டாக்டர், “சரி, ஏறிப் படு, சீக்கிரம்” என்றார். அடிவயிற்றைப் பார்க்கச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். வெளியே நோயாளிகள் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதற்குத்தான். இவள் காலையிலிருந்து நாற்காலியைவிட்டு எழுந்தால் வரிசை தேங்கும் என்று ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. அதைச் சொல்லவும் செய்தாள். “பரவாயில்ல, பார்ப்போம்” என்றார் அவர். ஈரலைப் பார்த்தார், கிட்னியைப் பார்த்தார். கருவி தொப்புளுக்குக் கீழே இறங்கும்போது அவருடைய போன் அடித்தது. புது மெஷின் விற்க வந்தவன். ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் அடிவயிற்றில் இரண்டு இழுப்பு இழுத்தார். பிறகு கருவியைத் தாங்கியில் வைத்துவிட்டு, போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்: “ஒண்ணுமில்லம்மா, கேஸ்தான். எல்லாம் நார்மல். நீயே அடிச்சுக்கோ.”

அவள் எழுந்தாள். வயிற்றைத் துடைத்தாள். சற்று முன்பு தான் படுத்திருந்த கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் பெயரை அடித்து, பட்டனைத் தட்டினாள். பக்கம் வந்து நின்றது. வயசு, தேதி, எல்லாம் போட்டாள். இடது ஓவரிக்கு அளவு கேட்டது. இரண்டு புள்ளி எட்டு, ஒன்று புள்ளி ஒன்பது என்று போட்டாள். அது பார்க்கப்படவே இல்லை என்பது இந்த உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளுடைய கை, ஊராருக்குப் போட்ட மாதிரியே தனக்கும் போட்டது. டாக்டருக்குத் தெரியாதது தனக்கென்ன தெரியும் என்று அந்த வினாடியில் அவள் நினைத்துக்கொண்டாள் என்றால், அது முட்டாள்தனம் இல்லை, பழக்கம். முட்டாள்தனத்தையாவது யாராவது சொல்லித் திருத்த முடியும்.

ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுக்கக்கூட இல்லை. பேப்பர் வீண் என்று ஊழியர்களுக்கு எடுப்பதில்லை. சாயங்காலம் மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“என்ன வந்தது?”

“நார்மல்டி.”

“ரிப்போர்ட் எங்க?”

“ஆபீஸ்ல இருக்கு. டாக்டரே பார்த்து நார்மல்னு சொல்லிட்டாரு, அப்புறம் பேப்பர் எதுக்கு?”

மகள் அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அன்று ராத்திரி நார்மலக்கா நன்றாகத் தூங்கினாள்.

ஏழு மாதம் போயிற்று. வயிறு நார்மலாக வளர்ந்தது. நோயாளிகள் இடம் விட்டு, “எத்தனாவது மாசம்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். சென்டரில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள், ரிசப்ஷன் பெண் ஒருத்தி, “அக்கா, இந்த வயசுல ஏன்க்கா அண்ணனைக் கஷ்டப்படுத்தற?” என்றாள். இவளும் சிரித்தாள். சிரித்தால் மூச்சு வாங்கியது. டாக்டரிடம் மறுபடி கேட்கக் கூச்சம். ஒரு தடவை பார்த்து நார்மல் என்று சொன்னவரிடம் இன்னொரு தடவை பாருங்கள் என்றால், நீங்கள் சொன்னது பொய் என்று சொல்கிற மாதிரி ஆகிவிடாதா?

டாக்டர் குடும்பத்தோடு வெளியூர் போன வாரத்தில், அவருக்குப் பதிலாக ஒரு டாக்டரம்மா வந்தார். இரண்டாம் நாள் மதியம், டைப் அடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள், “என்ன இது வயிறு? வாங்க, ஏறிப் படுங்க” என்றார். கருவியை வைத்தார். உருட்டினார். பேசவில்லை. அந்த அறையில் பேச்சு நின்றால் என்ன அர்த்தம் என்று நார்மலக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. எத்தனையோ தடவை அந்த மௌனத்தின்போது அவள் விரல்கள் விசைப்பலகையின்மேல் காத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. இப்போது நாற்காலி காலியாக இருந்தது. டாக்டரம்மா திரையில் புள்ளி வைத்து அளந்தார். நிஜமாகவே அளந்தார். இடது ஓவரியில் கட்டி, பதினான்கு சென்டிமீட்டர்.

“இதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்ததே இல்லையா?”

“எடுத்தேன் டாக்டர். இங்கதான்.”

“என்ன வந்தது?”

அவள் பதில் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா டிஷ்யூ சுருளை நீட்டினார்.

டாக்டர் ஊரிலிருந்து வந்ததும் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதல் தடவையாக உட்காரச் சொன்னார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அது நிஜ வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். வருத்தப்பட்டுக்கொண்டே கழுத்தை அறுக்கத் தெரிந்தவர்கள் உண்டு.

“பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு ரெண்டரை மாசம் வரிசை நிக்குதும்மா. உனக்கு அவ்வளவு நாள் தாங்காது. அங்க இருக்கற சர்ஜன் எங்கூடப் படிச்சவன். நான் ஒரு போன் பண்ணா அடுத்த வியாழக்கிழமையே எடுத்துடுவான்.”

“பண்ணுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“பண்றேன். ஆனா அவன் பழைய ரிப்போர்ட்டெல்லாம் கேப்பான். நம்ம கம்ப்யூட்டர்ல என்ன இருக்கு? எல்லாம் நார்மல், ஓவரி இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம்னு இருக்கு. அந்த அளவு யாரு போட்டது? நானா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் உன்னக் குத்தம் சொல்லல. ஆனா அந்தப் பேப்பர் அங்க போனா கேள்வி வரும். சென்டர இழுத்து மூடுவாங்க. இங்க பதினாலு குடும்பம் இருக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நான் பொய் எழுதச் சொல்லல. அன்னிக்கு நீ தண்ணி குடிக்காமதானே படுத்த? நீயே சொன்னேல்ல? அதத்தான் போடச் சொல்றேன். சிறுநீர்ப்பை நிரம்பல, இடது ஓவரி சரியாத் தெரியல, ரெண்டு வாரத்துல மறுபடி வந்து ஸ்கேன் எடுக்கணும்னு சொல்லியிருக்கோம். அவ்வளவுதான். ரெண்டு வரி.”

“நீங்க வரச் சொல்லலையே சார்.”

“சொல்லியிருப்பேன்மா. போன்ல இருந்தேன்ல, உனக்குக் காதுல விழுந்திருக்காது” என்றார் டாக்டர். பிறகு மேசைமேல் இருந்த போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “நீ அடிச்சு எடுத்துட்டு வா. நான் அவனுக்குப் போன் போடறேன்.”

வேறு யாரையாவது அடிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் பழைய ரிப்போர்ட்டைத் திறந்து, வரி மாற்றி, எழுத்து அளவு பிசகாமல் பழைய தேதியோடு எடுக்க அங்கே அவளைவிட்டால் ஆள் கிடையாது. அவள் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை என்பது ஒன்றுதான் அவள் தலைக்குள் இருந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தால் மகள் படிப்பை முடிப்பதைப் பார்க்கலாம். இரண்டரை மாதம் நின்றால் பார்க்க முடியாது. உயிர் வேண்டும் என்கிறவள் இரண்டு வரிக்குத் தயங்குவாளா? ‘இடது ஓவரி நார்மல்’ என்ற வரியை அழித்தாள். தான் போட்ட அளவை அழித்தாள். டாக்டர் சொன்ன இரண்டு வரியையும் அடித்தாள். ‘மற்றவை நார்மல்’ என்று முடித்து பிரின்ட் எடுத்தாள். டாக்டர் இந்தத் தடவை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதினெட்டு வருஷத்தில் அவர் படித்துக் கையெழுத்துப் போட்ட முதல் ரிப்போர்ட் அது.

வாக்குத் தவறவில்லை மனுஷன். வியாழக்கிழமை காலை ஏழரைக்கு அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். ஐந்து மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் சர்ஜன் வெளியே வந்துவிட்டார். சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று புருஷன் சந்தோஷமாக எழுந்து நின்றார். திறந்து பார்த்து மூடிவிட்டதாகச் சர்ஜன் சொன்னார். புற்று குடலிலும் ஈரலிலும் பரவிக் கிடக்கிறது, எடுக்க வழியில்லை, மருந்து கொடுத்து நாளைத் தள்ளலாம். சொல்லிவிட்டுக் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார்.

“ஏழு மாசத்துக்கு முன்னாடியே ரெண்டு வாரத்துல வரச்சொல்லி எழுதியிருக்காங்களே. ஏன் போகல? அப்பவே எடுத்திருந்தா நல்லா இருந்திருப்பாங்க. நல்லா எழுதியிருக்கான் என் ஃபிரெண்டு. நீங்கதான் விட்டுட்டீங்க.”

மகள் அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். பொடி எழுத்துவரைக்கும் படிக்கிறவள் ஆயிற்றே. முதலில் தேதியைப் பார்த்தாள். அது எந்த நாள் என்று அவளுக்கு நினைவு இருந்தது. அன்று சாயங்காலம்தான் வாசலில் நின்று கேட்டிருந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் ஒரே ஆளின் தலையில் இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

புருஷன் அவள் கண் விழிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அந்தத் தாளின் நகலைக் காட்டினார். “சம்பளம் வாங்கற இடத்துலயே சொல்லியிருக்காங்க. எழுதியே கொடுத்திருக்காங்க. மூடி மறைச்சிருக்கா, பாவி” என்று மார்பில் அடித்துக்கொண்டார். வந்தவர்கள் கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றார்கள். போகும்போது தங்கள் பெண்டாட்டிமாரைப் பார்த்து, பார்த்தியா, இப்படித்தான் ஆகும் என்றார்கள். நாத்தனார் மட்டும் ஒரு படி மேலே போய், மருமகளாக வந்த நாளிலிருந்தே அவளுக்கு வாய் திறக்கத் தெரியாது என்றாள்.

மகள்தான் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு எல்லாப் பணிவிடையும் செய்தாள். வாந்தி எடுத்தால் பாத்திரம் பிடித்தாள், உடம்பு துடைத்தாள், மாத்திரையை அட்டை படித்துக் கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. ‘எந்திரி’, ‘குடி’, ‘திரும்பு’ என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. போர்வை தனியாகிவிட்டது. அம்மாவுக்கு வயிற்று வலியைவிட இது பெரிதாக இருந்தது. வயிற்றுக்காவது ஊசி இருக்கிறது. பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பதின்மூன்றாம் நாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பேப்பர் பொய்டி.”

மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அன்னிக்கு நார்மல்னுதான் வந்தது. நெசமாவே டாக்டர் அப்படித்தான் சொன்னாரு. வரச்சொன்னதா இருக்கற வரிய அப்புறமா அடிச்சது. நானே அடிச்சேன். ஆபரேஷனுக்குத் தேதி வேணும்னு அடிச்சேன்.”

“நீயே அடிச்சியா?”

“ஆமா.”

“உன்ன வரச்சொன்னாங்கன்னு நீயே பொய்யா அடிச்சியா? உனக்கு எதிரா நீயே?”

“ஆமாடி. சத்தியமா.”

சொல்லும்போதே அது எவ்வளவு நம்பத்தகாத கதை என்று அவளுக்குக் கேட்டது. மகள் இப்போது கையை உருவிக்கொண்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது.

“எங்கிட்ட நார்மல்னு பொய் சொன்ன. நான் கட்டிப்பிடிச்சேன், ஞாபகம் இருக்கா? அப்பவாவது சொல்லியிருக்கலாம். இப்ப மாட்டிக்கிட்டதும் அந்த டாக்டர் மேல பழி போடற. அவரு மட்டும் இல்லன்னா உனக்கு அந்த வியாழக்கிழமைகூடக் கிடைச்சிருக்காது. சாகற நேரத்துலயாவது உண்மையப் பேசும்மா.”

இன்னொரு சத்தியம் பண்ணலாம், ஆனால் சத்தியத்தின் மதிப்பு அந்த வீட்டில் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருந்து டம்ளரைக் கழுவ எடுத்துப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் பார்க்க வந்தார். கையில் பெரிய பழக்கூடை. பின்னால் சென்டர் ஆட்கள் நான்கு பேர், ரிசப்ஷன் பெண் அழுதுகொண்டே வந்தாள். டாக்டர் கட்டிலருகே நின்று, நாடி பிடித்துப் பார்த்து, தைரியமாக இருக்கச் சொன்னார். புருஷன் அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நீங்க பண்ண உதவிய மறக்க மாட்டோம் சார், இவதான் கெடுத்துக்கிட்டா” என்றார். டாக்டர், “விடுங்க, நடந்தது நடந்துபோச்சு. அவங்களத் திட்டாதீங்க” என்று பெருந்தன்மையாகச் சொன்னார். மகள் உள்ளே போய் வீட்டில் இருந்த ஒரே கை வைத்த நாற்காலியைத் தூக்கி வந்து, துப்பட்டாவால் துடைத்து, அவருக்குப் போட்டாள்.

அவர் உட்கார்ந்ததும் அவள் அம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை வைத்தாள். பதினைந்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அம்மாவோடு முழுசாக ஒரு வாக்கியம், கோபம் இல்லாமல், பழைய மாதிரி, தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே பேசினாள்.

“சாருக்குத் தேங்க்ஸ் சொல்லும்மா.”

எத்தனை நாள் ஏங்கிக் கிடந்த குரல் அது. இதைச் சொன்னால் அது இன்னொரு தடவை கிடைக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

“தேங்க்ஸ் சார்” என்றாள்.